காதலி அனுப்பிய படத்தை ரூம் நண்பனுக்கு அனுப்பிவிட்டேன், அவளிடம் சொல்ல வேண்டுமா?

கடிதம் நீளமானது. எழுதியவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

எழுதியவருக்கு 23 வயது. திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து, கோவை சரவணம்பட்டியில் ஐடி வேலை பார்க்கிறார். நான்கு பேரோடு வாடகை வீட்டில் தங்கியிருக்கிறார். கல்லூரியில் கூடப் படித்த பெண்ணைக் காதலிக்கிறார். அந்தப் பெண்ணுக்கு 22 வயது, சென்னையில் மேற்படிப்பு. ஊர் பிரிந்த பிறகு இரவுப் பேச்சு நீண்டிருக்கிறது. பேச்சு அந்தரங்கமான மெசேஜாகி, சில மாதங்களாகப் படங்களும் போய்வருகின்றன. ஆங்கிலத்தில் செக்ஸ்டிங் என்கிறார்களே, அதுதான். "முதலில் அனுப்பியது அவள்தான், நான் கேட்கவே இல்லை" என்று கடிதத்தில் இரண்டு இடங்களில் இருக்கிறது.

இவர் அதிகம் பேசாதவர். ரூமில் மற்ற நால்வரும் அரட்டைப் பேர்வழிகள். "உனக்கெல்லாம் ஆள் இருக்குன்னு யார்டா நம்புவா?" என்று ஓட்டிக்கொண்டே இருப்பார்களாம். ஒருநாள் இரவு ஐபிஎல் மேட்ச் முடிந்த பிறகு பேச்சு அந்தப் பக்கம் போக, ஒருவர் தன் போனில் ஏதோ ஒரு பெண்ணின் படத்தைக் காட்டியிருக்கிறார். அடுத்தவரும் காட்டியிருக்கிறார். இவர் முறை வந்தது. முகம் தெரியாத ஒரு படத்தைத் தேடி எடுத்துக் காட்டிவிட்டார். "சரியா தெரியலடா, அனுப்பு" என்று ஒருவர் கேட்க, ஒருமுறை மட்டும் திறக்கிற மாதிரி, வியூ ஒன்ஸில் அவருக்கு அனுப்பியும் விட்டார். அந்த நண்பர் பார்த்துவிட்டு, "டெலிட் ஆயிடுச்சு, டென்ஷன் ஆகாத" என்றிருக்கிறார்.

போன வாரம் அந்தப் பெண் கோயிலுக்குப் போய்விட்டு இன்ஸ்டாகிராமில் ஒரு ஸ்டோரி போட்டிருக்கிறார். மணிக்கட்டில் ஒரு சிவப்புக் கயிறு, அதில் சின்னதாக ஒரு வெள்ளி மணி. ரூம் நண்பர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "அதே கயிறுடா" என்று சிரித்திருக்கிறார். அன்றிலிருந்து இவருக்குத் தூக்கம் இல்லை.

கேள்விகள் நான்கு. நான் இன்ட்ரோவர்ட் என்பதால்தான் நண்பர்களுக்குப் பணிந்துபோனேனா? அவள் எல்லோரிடமும் கலகலப்பாகப் பழகுகிறவள், தானாகவே படம் அனுப்புகிறாள், அப்படியானால் வேறு யாருக்காவது அனுப்பியிருப்பாளோ? அவளே விரும்பி அனுப்பிய படம் என்பதால் சட்டத்தில் ஒன்றும் வராது என்கிறான் நண்பன், சரியா? அவளிடம் சொல்ல வேண்டுமா, சத்தமில்லாமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டு இனிமேல் ஒழுங்காக இருந்தால் போதாதா?

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் உங்கள் குணத்தைப் பற்றியும் அந்தப் பெண்ணின் குணத்தைப் பற்றியும்தான் இருக்கிறது. இணையத்தில் இருவரும் எடுத்த ஆளுமைத் தேர்வின் முடிவைக்கூட, யார் எந்த ரகம் என்று அது தரும் நான்கு எழுத்துகளோடு, எழுதியிருக்கிறீர்கள். அன்று இரவு நடந்ததற்கு எட்டு வரிதான். அந்த எட்டு வரியைச் சொல்லக் கஷ்டமாக இருந்ததால்தான் மற்றதெல்லாம் இவ்வளவு நீண்டுவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. இருந்தாலும் நீங்கள் கேட்ட வரிசையிலேயே போகிறேன். குணம் பற்றிய கணக்கு சரியாகாவிட்டால் மற்றதிலும் தப்பான இடத்துக்குத்தான் போய்ச் சேருவீர்கள்.

இன்ட்ரோவர்ட் என்பது காரணம் ஆகுமா?

ஆகாது. தனியாக இருந்தால் தெம்பு வருவதும் கூட்டத்தில் களைத்துப்போவதும் ஒரு இயல்பு. பிடிக்காததற்கு 'முடியாது' என்று சொல்ல வராமல் தவிப்பது வேறு விஷயம். அதிகம் பேசாத, ஆனால் ஒரு விஷயத்தில் 'இல்லை' என்றால் இல்லைதான் என்று நிற்கிற ஆட்களை உங்கள் ஊரிலேயே பார்த்திருப்பீர்கள். ஓயாமல் பேசுகிறவர்களில், கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே சாய்கிறவர்களும் நிறைய உண்டு.

இணையத் தேர்வுகள் மனிதர்களை இந்த ரகம், அந்த ரகம் என்று பெட்டி போட்டு அடைக்கின்றன. உளவியல் ஆய்வாளர்கள் பெரும்பாலும் அப்படிப் பார்ப்பதில்லை. ஐந்து குணப் பரிமாணங்களை அளக்கிறார்கள்: வெளியே கலந்து பழகும் தன்மை, பிறரோடு இணங்கிப்போகும் தன்மை, பொறுப்புணர்வு, சீக்கிரம் கலங்கும் தன்மை, புதியதை நாடும் தன்மை. ஒவ்வொன்றிலும் எல்லோருக்கும் கொஞ்சம் கூடுதல் குறைச்சல் இருக்கும். பெரும்பாலோர் நடுவில்தான் இருப்பார்கள்.

இந்தக் குணங்களுக்கும் செக்ஸ்டிங்குக்கும் என்ன தொடர்பு என்று ஆராய்ந்திருக்கிறார்கள். கலகலப்பானவர்களிடம் இது சற்று அதிகம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. 'இவர் என்னை விட்டுப் போய்விடுவாரோ' என்ற பயம் உள்ளவர்கள் மனசில்லாமலேயே அனுப்புவது உண்டு என்பதும் தெரிந்த விஷயம். ஆனால் இதெல்லாம் ஆயிரக்கணக்கான பேரைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரிகிற மெல்லிய சாய்வு. ஒரு பெண்ணின் சுபாவத்தைப் பார்த்துவிட்டு அவர் இதைச் செய்வார், அதைச் செய்வார் என்று சொல்ல அது உதவாது.

உங்கள் விஷயத்தில் குணத்தைவிடக் கூட்டம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. புது ஊர். வீட்டில் உங்களைத் தவிர நான்கு பேர். அவர்களை விட்டால் கோவையில் உங்களுக்கு வேறு யாரும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ரூமில் ஒருத்தனாக இருக்க மாதா மாதம் வாடகைப் பங்கு கொடுப்பது போல, அன்று அந்தப் படத்தையும் கேட்டார்கள், நீங்களும் கொடுத்தீர்கள். யார் எவ்வளவு அந்தரங்கமானதைக் காட்டுகிறானோ அவனுக்கு அவ்வளவு மதிப்பு. இளைஞர் கூட்டங்களில் இது எல்லா நாட்டிலும் நடக்கிறது. படத்தில் இருக்கும் பெண் யார் என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை. நீங்கள் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பயந்த சுபாவம் என்பதால் நடந்துவிட்டது என்று நீங்கள் உங்களுக்கே சொல்லிக்கொள்வதையும் ஏற்க முடியவில்லை. முகம் தெரியாத படமாகத் தேடி எடுத்தீர்கள் அல்லவா? தேடுகிற அந்த நேரத்திலேயே இது தப்பு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

'தானாகவே அனுப்புகிறவள்' என்ற சந்தேகம்

கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் இது ஒன்றுதான்.

நீங்களும் உங்கள் படங்களை அவருக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அவர் ஹாஸ்டலில் இருக்கிறார், நிறையத் தோழிகள், எல்லோரிடமும் கலகலப்பு. அவர் உங்கள் படத்தை யாருக்காவது காட்டியிருப்பாரோ என்ற கவலை கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அது உங்களுக்குத் தோன்றவே இல்லை. காரணம், அவரை நீங்கள் நம்புகிறீர்கள். நம்பிக்கையை உடைத்தது அதிகம் பேசாத நீங்கள்தான், கலகலப்பான அவர் அல்ல. குணத்தை வைத்துப் போட்ட கணக்கு இங்கேயே அடிபட்டுப்போகிறது.

தன்மேல் இருக்கும் குற்ற உணர்வு தாங்க முடியாமல் போகும்போது, எதிராளியிடம் ஒரு குறை கிடைத்தால் தேவலை என்று மனசு தேடும். 'அவளும் அப்படிப்பட்டவள்தானோ' என்ற நினைப்பு வந்துவிட்டால் நாம் செய்தது அவ்வளவு பெரிதாகத் தெரியாது. இந்த வாரம் அந்த நினைப்பு வரும்போதெல்லாம் அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

இன்னொன்று. வளர்ந்த இருவர் மனம் ஒப்பி இப்படிப் பரிமாறிக்கொள்வது மனக்கோளாறு அல்ல. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் 18 முதல் 24 வயது வரையிலான 3,447 பேரைப் பார்த்தார்கள். செக்ஸ்டிங் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் மனச்சோர்விலோ பதற்றத்திலோ சுயமதிப்பிலோ குறிப்பிடும்படி வித்தியாசம் தெரியவில்லை. 2020-ல் 50 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில், இந்த வயதினரில் சுமார் 38 சதவீதம் பேர் இப்படி அனுப்பியவர்கள். தனக்கு வந்ததை அனுப்பியவரின் சம்மதமில்லாமல் மற்றவருக்குத் தள்ளிவிட்டவர்கள் சுமார் 15 சதவீதம். பெரும்பாலும் மேலை நாட்டுக் கணக்கு, நம் ஊருக்கு அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம். ஆனால் அனுப்புகிறவர்களைப் பற்றி ஊர் இவ்வளவு பேசுகிறது. அந்த 15 சதவீதத்தைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. மனசு முறிந்துபோய் என்னிடம் ஆலோசனைக்கு வரும் பெண்களிடம் கேட்டால், அனுப்பியதை நினைத்து அழுகிறவர்கள் குறைவு. யார் யார் பார்த்திருப்பார்கள் என்று தெரியாமல் பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவரைக்கூட நிமிர்ந்து பார்க்க முடியவில்லை என்பார்கள்.

'அவளே அனுப்பினது, கேஸ் நிக்காது'

உங்கள் நண்பர் சொன்னது தவறு. நான் வழக்கறிஞர் இல்லை, சட்டத்தில் எழுதியிருப்பதை மட்டும் சொல்கிறேன்.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 77-வது பிரிவு பெண்களின் அந்தரங்கப் படங்களைப் பற்றியது. அந்தப் பிரிவுக்கான விளக்கத்திலேயே உங்கள் நண்பருக்குப் பதில் இருக்கிறது. படம் எடுக்க ஒரு பெண் சம்மதித்திருந்தாலும், அதை மூன்றாவது ஆளுக்குத் தர அவர் சம்மதிக்கவில்லை என்றால், தருவது குற்றம். முதல்முறை குற்றம் நிரூபணமானால் குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, அபராதம். மறுபடியும் செய்தால் 3 முதல் 7 ஆண்டு. முகம் தெரிய வேண்டும் என்று அந்தப் பிரிவு எங்கும் சொல்லவில்லை. உள்ளாடை மட்டும் அணிந்திருக்கும் படமும் அதில் அடங்கும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு, சம்மதமில்லாமல் ஒருவரின் அந்தரங்கப் பாகங்களின் படத்தை எடுப்பதையும் அனுப்புவதையும் குற்றமாக்குகிறது. 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இது ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். உங்கள் படத்தை யாராவது பரப்பினாலும் உங்களுக்கு இதுதான் பாதுகாப்பு. இவை தவிர, ஆபாசமானதை மின்னணு வழியில் அனுப்புவது பற்றிய 67, 67ஏ பிரிவுகளும் அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருக்கின்றன.

திரையில் காட்டியது மட்டும் இந்தக் குற்றத்துக்குள் வருமா என்று வழக்கறிஞர்கள் வாதாடலாம். நீங்கள் அனுப்பவும் செய்திருக்கிறீர்கள். ஒரே ஒருவருக்கு, ஒரே ஒருமுறை என்பதெல்லாம் தண்டனையின் அளவில் பேசப்படலாமே தவிர, குற்றமே இல்லை என்று ஆக்காது. 2018-ல் மேற்கு வங்கத்தின் தம்லுக் நீதிமன்றம், காதலித்த பெண்ணின் அந்தரங்கப் படங்களை இணையத்தில் போட்ட இளைஞர் ஒருவருக்கு 5 ஆண்டு சிறை விதித்தது. நீங்கள் செய்ததும் அவர் செய்ததும் ஒன்றல்ல. இருவரும் காதலித்தவர்கள் என்பது அந்த இளைஞரைக் காப்பாற்றவில்லை என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

அந்த நண்பரிடமும் இதைச் சொல்லுங்கள். அவர் அதை வேறு யாருக்காவது அனுப்பினால் அது அவர் செய்த தனிக் குற்றம். அன்று இரவு மற்றவர்கள் காட்டிய படங்களில் இருந்த பெண்களுக்கும் இதே உரிமைதான். அவர்களில் யாராவது 18 வயது நிறையாதவர் என்றால் போக்சோ சட்டம் வரும். அப்போது சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அத்தகைய படம் போனில் இருப்பதேகூட வினையாகும்.

வியூ ஒன்ஸ் பற்றி

வியூ ஒன்ஸில் வந்த படத்தை வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் எடுக்க விடாது. ஆனால் பக்கத்தில் இன்னொரு போனை வைத்து எடுப்பதை எந்த ஆப்பாலும் தடுக்க முடியாது. ஐந்து பேர் இருந்த ரூமில் குறைந்தது ஐந்து போன்கள் இருந்திருக்கும். 'டெலிட் ஆயிடுச்சு' என்றவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு வாரம் கழித்து கயிற்றில் தொங்கிய மணிவரை ஒருவருக்கு நினைவிருக்கிறது என்றால், அது ஞாபகசக்தியா, போனில் இருக்கிற படமா என்று நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்த மணியைக் கடிதத்தில் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது அதுதான்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

நால்வரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசாதீர்கள். கூட்டத்தில் பேசினால் யாராவது ஒரு ஜோக் அடிப்பார், மற்றவர்கள் சிரிப்பார்கள், விஷயம் அதோடு முடிந்துவிடும். முதலில் படம் வாங்கியவரிடம் தனியாகப் பேசுங்கள். அடுத்து கயிறு பற்றிச் சொன்னவர். கெஞ்சவும் வேண்டாம், மிரட்டவும் வேண்டாம். "நான் அனுப்பியது தப்பு. அந்தப் படம் உன்னிடமோ வேறு யாரிடமோ இருக்கிறதா? இருந்தால் இப்போதே என் முன்னால் அழி" என்று நேராகச் சொல்லுங்கள். கேலரியில் அழித்தால் மட்டும் போதாது. கூகுள் போட்டோஸில் தானாகச் சேமிக்கப்பட்ட படங்கள் குப்பைத்தொட்டிப் பகுதியில் 60 நாள் வரை கிடக்கும், ஐபோனில் சுமார் 30 நாள். அங்கேயும் போய் அழிக்க வேண்டும்.

யாருக்கு, எந்தத் தேதியில், என்ன அனுப்பினீர்கள், யார் யார் பார்த்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பியதைக் காட்டுகிற அந்த வாட்ஸ்அப் உரையாடலை மட்டும் அழிக்காதீர்கள். உங்களுக்குச் சங்கடமான விஷயம்தான். ஆனால் நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு அது தேவைப்படலாம். இதற்குள் அவருக்கு விஷயம் தெரிந்து புகார் கொடுத்துவிட்டார் என்றால், அதன் பிறகு எதையும் அழிக்கவோ அழிக்கச் சொல்லவோ கூடாது. சாட்சியத்தை அழித்ததாக ஆகிவிடும்.

அவரிடம் சொல்லி முடிக்கும்வரை அவரிடமிருந்து புதிதாக ஒரு படம்கூட வாங்காதீர்கள். அவரே அனுப்ப நினைத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். இது தெரியாத நிலையில் அவர் தருகிற சம்மதத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது நியாயமில்லை.

அவரிடம் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

சொல்லாமல் விட்டால் என்ன நன்மை என்று பார்ப்போம். படம் எங்கேயும் போகவில்லை என்றால், அவருக்கு வலிக்காமல் இது முடிந்துபோகும், காதலும் பிழைக்கும். இது நடக்காது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அது உங்கள் ரூமில் இருக்கும் நால்வரின் வாய்க்கும் போனுக்கும் கட்டுப்பட்ட விஷயம். அவர்களில் ஒருவருக்கு அவருடைய இன்ஸ்டாகிராம் கணக்கே தெரிந்திருக்கிறது. ஆறு மாதம் கழித்து உங்களோடு சண்டை போட்டுக்கொண்டு ஒருவர் ரூமைக் காலி செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் என்ன செய்வார் என்று உங்களுக்குத் தெரியுமா?

சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பாதுகாத்துக்கொள்ளும் வழிகளில் முக்கியமானவை அவர் கையில்தான் இருக்கின்றன, உங்கள் கையில் இல்லை. ஸ்டாப் என்சிஐஐ என்று ஓர் இலவச இணையச் சேவை இருக்கிறது. படத்தில் இருப்பவர் தன் போனிலிருந்தே அந்தப் படத்துக்கு ஒரு டிஜிட்டல் கைரேகை எடுத்துப் பதிந்து வைக்கலாம். படம் போனை விட்டு வெளியே போகாது, கைரேகை மட்டுமே போகும். அதோடு இணைந்திருக்கும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் யாராவது அதே படத்தை ஏற்றினால் கண்டுபிடித்துத் தடுக்க முடியும். படம் பரவுவதற்கு முன்பே செய்துவைத்தால்தான் முழுப் பலன். படத்தில் இருப்பவர்தான் செய்ய முடியும். அவருக்கு விஷயமே தெரியாவிட்டால் எப்படிச் செய்வார்? நாளைக்கு எங்காவது படம் வெளியே வந்தால், சம்பந்தப்பட்ட தளத்துக்கு உடனே புகார் கொடுத்து நீக்க வைக்கவும் அவருக்கு உரிமை உண்டு. 2021-ல் வந்த மத்திய அரசின் விதிகள் இதற்கு 24 மணி நேரம் கெடு வைத்தன. சைபர் கிரைம் இணையதளத்தில், பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்கென்று இருக்கும் பகுதியில், பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். பெண்களுக்கான 181 எண்ணும் இருக்கிறது. பெண்கள் என்றால் வருமான வரம்பு பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசச் சட்ட உதவி கிடைக்கும், 15100 என்ற எண்ணில் கேட்கலாம். நீங்கள் மறைக்கிற ஒவ்வொரு நாளும் இத்தனையும் அவருக்கு எட்டாமல் போகிறது.

சொல்வதில் உங்களுக்கு ஆபத்து இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். அவர் உறவை முறிக்கலாம், போலீசுக்கும் போகலாம். அந்த உரிமை அவருக்கு இருக்கிறது. சொல்வதற்கு முன் வழக்கறிஞர் ஒருவரைக் கேட்க விரும்பினால் கேளுங்கள், தப்பில்லை. அதையே சாக்காக வைத்து வாரக்கணக்கில் தள்ளாதீர்கள்.

எப்படிச் சொல்வது? மெசேஜில் வேண்டாம். நேரில் போய்ச் சொல்வது நல்லது, ஆனால் அவர் வகுப்பு முடித்துக் களைத்து வரும்போது ஹாஸ்டல் வாசலில் போய் நிற்காதீர்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டு, அவருக்கு வசதியான இடத்தில், வேண்டும்போது அவர் எழுந்து போக முடிகிற இடத்தில் சந்தியுங்கள். பக்கத்தில் ஒரு தோழி இருக்கட்டும் என்று அவர் நினைத்தால் சரி என்று சொல்லுங்கள். முதல் ஐந்து நிமிடத்திலேயே விஷயத்துக்கு வாருங்கள். யாருக்கு, எப்போது, எந்தப் படம், இதுவரை என்ன செய்தீர்கள் என்பதைச் சொல்லி, எழுதி வைத்த தாளையும் கொடுங்கள். உங்கள் இன்ட்ரோவர்ட் கதை, ரூமில் ஓட்டியது, தூக்கம் வராதது இதெல்லாம் அன்றைக்கு வேண்டாம். அவர் கேட்டால் பிறகு சொல்லலாம். 'முகம் தெரியாத படம்தான்' என்ற வாக்கியத்தைத் தயவுசெய்து சொல்லாதீர்கள். அது அவருக்கு எந்த ஆறுதலும் தராது. கயிற்று விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கேட்கவே கஷ்டமாக இருக்கும், ஆனால் எந்த அளவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

மன்னிப்புக் கேளுங்கள், பதிலை அன்றே எதிர்பார்க்காதீர்கள். உங்கள் போனில் இருக்கும் மற்ற படங்களை என்ன செய்ய வேண்டும் என்று அவரையே கேட்டு அப்படியே செய்யுங்கள். 'நான் உன்னைக் கல்யாணம் பண்ணிக்கிறேன், அப்புறம் என்ன பிரச்சினை' என்று ஒரு வரி உங்கள் கடிதத்தின் கடைசியில் இருந்தது. அதை அங்கே சொல்லாதீர்கள். நம்பிக்கை உடைந்த இடத்தில் கல்யாணப் பேச்சை எடுத்தால், வாயை மூடிக்கொள்ள விலை பேசுவது போலத்தான் அவருக்குக் கேட்கும்.

ரூமும் நண்பர்களும்

நண்பர்களை இழந்துவிடுவேனோ என்று பயப்படுகிறீர்கள். சிலரை இழக்கலாம். நால்வரும் ஒரே மாதிரி இருக்க மாட்டார்கள் என்பது என் அனுபவம். அன்று இரவு சிரித்தவர்களில் ஒருவருக்காவது உள்ளூரச் சங்கடமாக இருந்திருக்கும், உங்களைப் போலவே அவரும் வாய் திறந்திருக்க மாட்டார். தனித்தனியாகப் பேசும்போது அவர் யார் என்று தெரிந்துவிடும். அவரோடு சேர்ந்து வேறு ரூம் பார்ப்பது என் முதல் யோசனை. சரவணம்பட்டி, கணபதி பக்கம் இரண்டு பேருக்கு வீடு கிடைப்பது சிரமம்தான், கொஞ்சம் கூடுதலாக வாடகை ஆகும். ஆகட்டும்.

அந்த நால்வரை விட்டால் யாரும் இல்லை என்ற நிலை மாற வேண்டும். வாரம் ஒருநாள் ரூமுக்கும் ஆபீசுக்கும் சம்பந்தமில்லாத இரண்டு பேரையாவது பார்க்கிற மாதிரி ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் வாலிபால் ஆடியதாக எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்கலாம். ஒரே ஒரு கூட்டத்தை மட்டும் நம்பியிருப்பவருக்கு அந்தக் கூட்டத்தில் 'முடியாது' என்று சொல்வது கஷ்டம். போக இன்னும் இரண்டு இடம் இருந்தால் அதே ஆளுக்கு அதே வார்த்தை சுலபமாக வரும். இன்ட்ரோவர்ட்டோ எக்ஸ்ட்ரோவர்ட்டோ, இதில் வித்தியாசம் இல்லை.

கடைசியாக ஒன்று. சொன்ன பிறகு அவர் உங்களை பிளாக் செய்தால், வேறு எண்ணிலிருந்து கூப்பிடாதீர்கள், பொது நண்பர்களைத் தூது அனுப்பாதீர்கள். 'நீ பேசாவிட்டால் என்னை ஏதாவது செய்துகொள்வேன்' என்று அவருக்கு எழுதவே எழுதாதீர்கள். அப்படி ஒரு எண்ணம் உண்மையிலேயே வந்தால், அதைச் சொல்ல வேண்டிய இடம் அவர் அல்ல. டெலி மானஸ் 14416-ஐ எந்த நேரத்திலும் கூப்பிடலாம். தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் கிடையாது. தூக்கம் இல்லாதது இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒரு காலை நேரம் போய்ப் பாருங்கள்.